கரும்பின் குலமுறை

சென்ற ஆண்டுப் பொங்கல் விழா ஏற்பாடுகளைப் பேசுதற்குச் சங்கத்து அன்பர்கள் கூடியிருந்த மாலையில், கரும்பைக் குறித்து ஒரு சிறு வழக்கு எழுந்தது. மாட்டுங்காக் கடைத்தெருவில் ஊர்க் கரும்பின் விலை கேட்டவரைத் திகைக்க வைத்தது. “நெருள் நிலையத்திற்கு வெளியே ரசவந்தி வைத்திருப்பவரிடம் சொன்னால் வேண்டுமளவு கரும்பு தருவித்துத் தருவார்; அதையே பந்தலில் கட்டிவிடலாமே” என்றார் ஓர் இளைஞர். உடனே நம் காலனிப் பெரியவர் ஒருவர் கையை உயர்த்தி, “அது ஆலைக் கரும்பு, தம்பி, கலப்புச் சாதி. பொங்கல் பானைக்கருகில் நிற்கத் தக்கது நம் செங்கரும்புதான். அதுவே நம் மண்ணின் சுத்தமான கரும்பு” என்று தீர்ப்புக் கூறிவிட்டார். பெரியவர் சொல்லுக்கு மறுப்பேது? கூடுதல் பணம் திரட்டிச் செங்கரும்பே வாங்கினோம். விழாவும் இனிதே நடந்தது.

ஆயினும் “சுத்தமான”, “கலப்பு” என்னும் இரு சொற்களும் நம் மனத்தை விட்டு அகலவில்லை. கரும்பின் குலத்தை விசாரிப்போமே என்று, அலுவலகம் விட்டு வந்த பின் கிடைத்த நூல்களைப் புரட்டலானோம். கண்டதை இம்மலர் வாயிலாக அன்பர்களுக்கு உரைக்கின்றோம்.

முதலில் நம் இலக்கியமே நமக்கு ஓர் அதிர்ச்சி தந்தது. புறநானூற்றின் 99-ஆம் பாட்டில், அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடும் ஒளவையார், அவனுடைய முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்த பெருமையைக் குறிக்கின்றார். கொணர்ந்தது என்றால், அதற்கு முன் இங்கே இல்லாதது என்பதே பொருள். தகடூர் மன்னர் குலம் கரும்பை வரவழைத்த செய்தி இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட நம் புலவர் நினைவிலேயே இருந்திருக்கின்றது. நாம்தான் மறந்துவிட்டோம்!

எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாவர நூலார் விடை கூறுகின்றனர். பருத்த தண்டும் மெல்லிய நாரும் மிகுந்த சாறும் உடைய கரும்பினம், பசிபிக் பெருங்கடலை அடுத்த நியூகினித் தீவிலே, அங்கே வாழ்ந்த பழங்குடி மக்களால் ஒருவகைக் காட்டுக் கரும்பினின்றும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. கடலோடிகளுடன் தீவுதீவாகப் பயணம் செய்து அது ஆசியாவின் பெருநிலத்தை அடைந்தது. ஜாவாவை ஆண்ட டச்சுக்காரர் இவ்வினத்திற்கு “உயர்குலக் கரும்பு” என்னும் பொருளில் பெயரிட்டனர். ஆங்கிலத்திலும் “நோபிள்” கரும்பு என்றே வழங்குகின்றது. பொங்கலன்று நாம் மென்று சுவைக்கும் பருத்த செங்கரும்பும் இக்குலத்தைச் சேர்ந்ததாகவே கொள்ளப்படுகின்றது. ஆக, நம் பெரியவர் “நம் மண்ணின் கரும்பு” என்று உரிமை கொண்டாடியது தீவாந்தரத்திலிருந்து குடியேறி வந்த விருந்தாளியை! நெருளில் குடியேறியிருக்கும் நாமோ அதைக் குறை கூறுவது?

இனி, உண்மையாகவே நம் நாட்டு மண்ணில் பிறந்த உறவினர் ஒருவர் கரும்புக்கு உண்டு. அவரை யாரும் பந்தலில் கட்டுவதில்லை. நாணலைத்தான் சொல்கின்றோம். ஆற்றோரங்களில் வெள்ளைச் சாமரம் வீசி நிற்கும் அப்புல்லை வடநாட்டார் காஸ் என்பர். வங்காளத்தார் அது பூத்தால் துர்க்கை பூசை நெருங்கிவிட்டதென மகிழ்வர். தண்டு மெலிது, நார் மிகுதி, இனிப்போ பெயரளவே. ஆனால் வறட்சி, வெள்ளம், குளிர், நோய் எதற்கும் அஞ்சாதது. வெட்டினாலும் அடிக்கிழங்கினின்று மீண்டும் எழுவது. பட்டினத்தார் கையிலிருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்ததாகக் கர்ணபரம்பரைக் கதை உண்டல்லவா? இனிக்காத புல்லை இனிக்கச் செய்த அதுபோன்றதோர் அற்புதம் கோயம்புத்தூரிலும் நிகழ்ந்தது. அதைச் செய்தவர்கள் துறவிகளல்லர், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள்.

அக்காலத்து நிலையைச் சிறிது கூற வேண்டும். கரும்பும் சர்க்கரையும் உலகுக்குப் பழக்கமாவதற்கு வழிகாட்டிய இந்திய நாடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாவாவினின்று கப்பல் கப்பலாகச் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுச் சரக்கு என்பது சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றது. நாம் “சீனி” என்கின்றோம். நம் அண்டைவீட்டுக் குஜராத்தி அன்பர்கள் “மோரஸ்” என்கின்றனர். ஒன்று சீனத்தையும் மற்றொன்று மொரீஷியஸ் தீவையும் நினைவூட்டுவன. வடநாட்டில் பயிரான கரும்புகளோ விரல் பருமனே உள்ளவை. உயர்குலக் கரும்பை அங்கே நட்டால் பனிக்காலத்தைத் தாங்காது. தென்னாட்டிலோ, கோதாவரிக் கழனிகளில் பருத்த கரும்பைச் செவ்வழுகல் நோய் வாரிக்கொண்டு போயிற்று.

இத்தருணத்தில், சென்னை மாகாணத்தில் சர்க்கார் தாவர நூலறிஞராக இருந்த சார்லஸ் ஆல்பிரட் பார்பர் என்னும் ஆங்கிலேயர் தலைமையில், 1912-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. கரும்பைத் துண்டு துண்டாக வெட்டிய கரணைகளை நட்டே பயிராக்குவது உலக வழக்கம். கரும்பு விதை முளைக்காது என்றே நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1880-களின் பிற்பகுதியில் ஜாவாவிலும் பார்படோஸ் தீவிலும் அது முளைக்கும் என்று காட்டப்பட்ட பின்னரே, இரு வகைகளை மணம் முடித்துப் புதுவகை பெறலாம் என்ற எண்ணம் பிறந்தது. வடநாட்டில் கரும்பு பூப்பதே அரிது. கோயம்புத்தூரில் நன்கு பூக்கும், மகரந்தமும் உயிரோட்டமுள்ளது. கொங்கு நாட்டுக்கு அந்நிலையம் வாய்த்த காரணம் இதுவே.

பார்பருக்குத் துணையாக வந்து, பின்னர் அந்நிலையத்திற்கே தலைவரானவர் டி. எஸ். வெங்கட்ராமன். இருவரும் “வெள்ளை” என்று பெயர் பெற்ற உயர்குலக் கரும்பின் பூவில், கோயம்புத்தூர்ப் பக்கத்தில் தானே விளைந்து நின்ற நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தனர். பிறந்த குழந்தைகளுள் ஒன்றிற்குக் “கோ 205” என்று பெயர். கோ என்பது கோயம்புத்தூர் என்பதன் சுருக்கம். 1918-இல் அது பஞ்சாபுக்கு அனுப்பப்பட்டது. அங்கே பயிராகி வந்த “கத்தா” என்னும் மெலிந்த கரும்பை விரைவிலேயே அது வயலினின்று வெளியேற்றிவிட்டது. காட்டு நாணலைத் தந்தையாகக் கொண்ட கரும்பொன்று வணிகப் பயிராகச் செழித்தது உலகில் பெரிய புதுமையாகக் கருதப்பட்டது.

தந்தை சர்க்கரையே இல்லாத புல் எனின், பிள்ளை பாதியாவது இனிப்பற்றுப் போக வேண்டுமே? அவ்வாறு ஆகாதது ஏன்? இவ்விடத்தில் நாம் கரும்பின் உள்ளே புகுந்து பார்க்க வேண்டியிருக்கின்றது. சற்றுப் பொறுமையுடன் படிக்குமாறு தாய்மார்களையும் வேண்டுகின்றோம், கடினமான செய்தியன்று.

ஒவ்வோர் உயிரின் ஒவ்வோர் உயிரணுவிலும் அவ்வுயிரை ஆக்குதற்குரிய குறிப்புகள் அடங்கிய சுவடிகள் உள. அவற்றிற்குக் குரோமோசோம் என்று பெயர். ஒரு சுவடியில் பல்லாயிரம் செய்திகள். ஒவ்வொரு செய்தியும் ஒரு மரபணு. சுவடிகள் அனைத்தும் சேர்ந்தது அவ்வுயிரின் மரபுத்தொகுதி. மனிதருக்கு 23 வகைச் சுவடிகள். தாய் வழி ஒரு படி, தந்தை வழி ஒரு படி, ஆக 46. உயர்குலக் கரும்புக்கோ வகை 10 தான். ஆனால் வகைக்கு எட்டுப் படிகள், ஆக 80. கோயம்புத்தூர் நாணலுக்கு வகை எட்டே. அதற்கும் வகைக்கு எட்டுப் படிகள், ஆக 64. மற்ற இடங்களின் நாணல்களை எண்ணினால் 40 முதல் 128 வரை காணப்படுகின்றது. புல்லென்று இகழப்பட்டதன் வீட்டில் இத்தனை சுவடிகள்!

ஒரே ஏட்டிற்கு எட்டுப் படிகள் எதற்கு என்று கேட்கலாம். பழஞ்சுவடிகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஒரு நூலுக்குப் பல படிகளைத் தேடி ஊரூராக அலைந்தது நாம் அறிந்ததே. ஒரு படியில் செல்லரித்த இடம் மற்றொரு படியில் நன்றாயிருக்கும். உயிர்களுக்கும் அவ்வண்ணமே. ஒரு மரபணு ஒரு படியில் பிழைபட்டுப் போனாலும் மற்றப் படிகள் வேலையை நடத்திவிடும். அதற்கு மேலும் ஒன்றுண்டு: மிகுதியாக உள்ள படி, பிழைபடப் பிழைபட, சிற்சில வேளை முன்னில்லாத புதிய வேலையொன்றைக் கற்றுக்கொள்ளும். ஒற்றைப் படி மட்டும் உடையவன் அதைத் திருத்தி விளையாட அஞ்சுவான். எட்டுப் படி உடையவனுக்கு அவ்வச்சம் இல்லை. புல்லினங்கள் உலகெங்கும் பரவி, நெல்லாகவும் சோளமாகவும் கரும்பாகவும் பல்வேறு வடிவெடுத்தமைக்கு, அவற்றின் முன்னோர் காலத்திலும் இவ்வாறு சுவடிகள் இரட்டித்தமை ஒரு காரணம் என்பர் அறிஞர்.

நிற்க. 80 உடைய தாயும் 64 உடைய தந்தையும் மணந்தால் பிள்ளைக்கு எத்தனை? தாயில் பாதி 40, தந்தையில் பாதி 32, ஆக 72 என்று நம் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லுவர். கோ 205-இல் எண்ணிப் பார்த்தால் 112! கணக்குப் பிழையன்று. பிரேமர் என்னும் டச்சு அறிஞர், ஜாவாவில் இத்தகைய கலப்புகளை ஆராய்ந்து, 1920-களில் இப்புதிரை விடுவித்தார். உயர்குலக் கரும்பு தாயாகவும் நாணல் தந்தையாகவும் அமையும்போது, தாய் தன் சுவடிகளைப் பாதியாக்காமல் 80-ஐயும் முழுமையாகப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகின்றது. தந்தை வழக்கப்படி 32 மட்டுமே தருகின்றது. தாய் வீட்டுச் சீதனம் முழுவதும் வந்துவிட்டபடியால் இனிப்பும் வந்தது. தந்தை வழியே வலிமையும் வந்தது. அதன்பின் பிள்ளையை மீண்டும் மீண்டும் உயர்குலக் கரும்புடனே மணம் முடித்து இனிப்பைப் பெருக்கினர். இம்முறைக்கு “உயர்குலமாக்குதல்” என்றே பெயர் வைத்தனர். பெயரைக் கேட்டவுடன் நாம் நகைத்துவிட்டோம். உண்மையில் உயர்குலத்தைப் பிழைக்க வைத்தது நாணலன்றோ!

இன்று உலகில் பயிராகும் ஆலைக் கரும்பின் ஓர் உயிரணுவில் ஏறத்தாழ 100 முதல் 130 சுவடிகள் உள. அவற்றுள் நூற்றுக்குப் பத்து முதல் இருபது நாணல் வழி வந்தவை; சில, பாதி கரும்பும் பாதி நாணலுமாக ஒட்டித் தைத்தவை; எஞ்சிய பெரும்பகுதி உயர்குல வழி. எல்லா வகைச் சுவடிக்கும் சமமான படிகளும் இல்லை. ஒன்றுக்குப் பத்து, ஒன்றுக்குப் பன்னிரண்டு என்று தாறுமாறான அலமாரி. விதை வழியே பெருகும் பயிராயின் இந்தத் தாறுமாறு தலைமுறைதோறும் கலைந்து போயிருக்கும். கரணை நட்டு வளர்ப்பதால் உள்ளது உள்ளபடியே நிலைக்கின்றது.

இச்சுவடிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் எண்ணுவது மிகவும் நுண்ணிய தொழில். வேர்நுனியைப் பக்குவம் செய்து சாயமேற்றி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும் நூற்றுக்கு மேற்பட்ட சிறு கோடுகளைப் பிரித்தெண்ண வேண்டும். கோயம்புத்தூரில் அத்தொழிலை மேற்கொண்டவர் ஒரு பெண்மணி என்பதை நம் சகோதரிகள் அறிய வேண்டும். அவர் பெயர் ஜானகி அம்மாள். 1897-இல் தலைச்சேரியில் பிறந்தவர். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் கற்று, மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்து, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். 1934-இல் கோயம்புத்தூர் நிலையத்தில் சேர்ந்தார். கரும்பின் உறவினர் எத்துணைத் தொலைவு வரை மணம் கொள்வர் என்பதே அவர் ஆராய்ச்சி. கரும்பை மக்காச்சோளத்துடன் கலந்து பிறந்த செடியைப் பற்றி அவர் எழுதிய செய்தி உலக அறிஞரின் கவனத்தை ஈர்த்தது. 20 சுவடியே உடைய மக்காச்சோளம், கரும்பென்னும் பெருங்குடும்பத்தில் புகுந்து பிழைத்திருந்தது!

மணமாகாத பெண்ணாகவும், பிற்பட்டதென ஒதுக்கப்பட்ட குலத்தவராகவும் இருந்தமையால், உடன் பணிபுரிந்த ஆடவரிடையே அவர் துன்புற நேர்ந்தது என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். செடிகளின் கலப்பைப் பல்லாண்டாகப் போற்றிய இடத்திலும் மனிதரின் குலத்தை மறக்க இயலவில்லை போலும். 1939-இல் எடின்பரோ நகரில் கூடிய மரபியல் மாநாட்டிற்குச் சென்றார், போர் மூண்டது, இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். ஆங்கே டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945-இல் வெளியிட்ட பெருநூல், தாவர நூலாருக்கு நெடுங்காலம் கையேடாக விளங்கியது. நேரு அவர்களின் அழைப்பின்பேரில் 1951-இல் தாய்நாடு திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியை ஏற்றார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1984-இல் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய மக்னோலியா மலரொன்று இங்கிலாந்துத் தோட்டங்களில் இன்றும் பூக்கின்றது.

உயர்குலக் கரும்பில் வகை 10 இருக்க, நாணலில் 8 ஆனது எப்படி என்று வாசகர் கேட்கக்கூடும். இரயில்வேயில் வேலை பார்க்கும் நமக்கு அது எளிதில் விளங்கிற்று. பத்து ரேக்குகள் நிற்கும் யார்டில், இரண்டு ரேக்குகளை அறுத்து, அவற்றின் பெட்டிகளை மற்ற ரேக்குகளில் கோத்துவிட்டால், ரேக்கு எட்டாகிவிடும்; பெட்டி ஒன்றும் காணாமற் போவதில்லை. நாணலின் மரபுத்தொகுதியை முழுதும் படித்து 2018-இல் வெளியிட்ட அறிஞர், இரண்டு சுவடிகள் முறிந்து வேறு சுவடிகளுடன் ஒட்டிக்கொண்டதன் தடத்தை அதில் கண்டனர். கரும்பின் ஒன்றுவிட்ட உறவினரான சோளத்தில் பழைய பத்தும் பத்தாகவே இருக்கின்றன. ஆலைக் கரும்பைப் படிப்பதுதான் மிகக் கடினமாயிற்று. ரீயூனியன் தீவில் உருவாக்கிய ஆர் 570 என்னும் கரும்பின் முழுச் சுவடியும் 2024-இல்தான் வெளிவந்தது. அதில் ஏறத்தாழ 870 கோடி எழுத்துகள். அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர்.

தமிழரும் கரும்பும் கடல்கடந்து சந்தித்த இடங்கள் பல. 1860 நவம்பர் 16-இல் சென்னையினின்று “துரூரோ” என்னும் கப்பல், ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. வந்தவர் வெட்ட வேண்டியது கரும்பு. அதற்கு ஏறக்குறைய எண்பதாண்டுகள் கழித்து, கோ 421, கோ 312 என்னும் இரண்டையும் கோயம்புத்தூரில் மணம் முடித்துப் பெற்ற விதை, அதே நேட்டாலுக்கு அனுப்பப்பட்டது. அங்கே முளைத்த நாற்றுகளுள் ஒன்று “என்கோ 310” என்னும் பெயருடன் 1945-இல் வெளியாகி, தென்னாப்பிரிக்கா மட்டுமன்றித் தைவான் முதலிய பல நாடுகளிலும் பரவியது. தாத்தா கூலியாகச் சென்ற தோட்டத்தில், பேரன் தாத்தாவின் நாட்டில் கருவான கரும்பை வெட்டினான். அவனுக்கு அது தெரிந்திருக்குமோ என்னவோ.

நம் மராட்டிய மாநிலமும் கோயம்புத்தூருக்குக் கடன்பட்டதே. கோ 419, பின்னர் கோ 740, இப்போது கோ 86032 என்று, இங்குள்ள ஆலைகளை ஓட்டிவந்தவை அங்கே பிறந்த வகைகளே. நெருள் ரசவந்தியில் எலுமிச்சையும் இஞ்சியும் சேர்த்து நாம் அருந்தும் சாற்றிலும் கொங்கு நாட்டு நாணலின் பங்கு இருக்கக்கூடும்.

இவ்வளவு புகழ்ந்த பின் ஒரு கவலையையும் சொல்லத்தான் வேண்டும். உலகின் ஆலைக் கரும்புகள் அனைத்தும் ஒருசில உயர்குலக் கரும்புகளுக்கும் ஒருசில நாணல்களுக்கும் பிறந்தவை. கரணை வழியே பெருகுவதால் ஒரு வகை என்பது இலட்சக்கணக்கான ஏக்கரில் நிற்கும் ஒரே செடிதான். நோய் அதன் பூட்டைத் திறக்கும் சாவியைக் கண்டுகொண்டால் எல்லா வயலும் திறந்த வீடே. அண்மையில் கண்கூடாகக் கண்டோம். 2009-இல் வெளியான கோ 0238 வடநாட்டு உழவரின் செல்லப்பிள்ளையாய் விளங்கிற்று. உத்தரப் பிரதேசத்தில் எங்கு நோக்கினும் அதுவே என்னும் நிலை வந்தது. பத்தாண்டு கழிந்தது. அன்று கோதாவரியில் கரும்பை அழித்த அதே செவ்வழுகல் நோய், புது வடிவில் வந்து அதனையும் பற்றிக்கொண்டது. நன்கு விளைந்த கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவந்து, புளித்த நாற்றம் வீசுகின்றது. உழவர் வேறு வகைக்கு மாறிக்கொண்டிருக்கின்றனர்.

மாற்று வகைக்கு வேண்டிய வலிமை மீண்டும் காட்டினின்றே வர வேண்டும். அதன் பொருட்டுக் கோயம்புத்தூர் நிலையத்தார், ஜானகி அம்மாள் பிறந்த தலைச்சேரிக்கு அருகிலுள்ள கண்ணூரில், பல நாட்டுக் கரும்புகளையும் அவற்றின் காட்டு உறவினரையும் வளர்த்துக் காத்து வருகின்றனர். உலகில் இத்தகைய பெருந்தொகுப்புகள் இரண்டே. மற்றொன்று அமெரிக்காவின் மயாமியில் உள்ளது. கண்ணூர்ப் பாத்திகளில் நியூகினியின் பருத்த கரும்பும் ஆற்றோரத்து நாணலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றனவாம். விடுமுறையில் அவ்வழியே செல்லும் அன்பர் யாரேனும் பார்த்து வந்து சொன்னால் மகிழ்வோம். வரும் பொங்கலுக்கு நம் பெரியவரிடம் ரசவந்திக் கரும்புக்காக மீண்டும் ஒருமுறை வழக்காடிப் பார்ப்பதாகவும் இருக்கின்றோம்.